மற்றவர் (நிரந்தரப் பணியிடம்)

எங்கள் நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நேரத்தை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். தபாலை வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு உள்ளே அனுப்புகிற நாற்காலியில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். வருகிற கடிதத்தை அந்த நாற்காலிக்காரன் படிக்கக் கூடாது என்பது விதி. படிக்காமல் இருந்திருந்தால் எனக்கு எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும்.

கடிதம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அந்த உறை இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மழைக்காலம் என்பதால் மேலே மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் கத்தரித்துப் பார்த்தேன்.

'தங்கள் நகர எல்லைக்குள், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் நெகிழிப் பொருட்களின் நுகர்வைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகளைக் கண்டறிந்து, உரிய படிவத்தில், முப்பது நாட்களுக்குள் அறிக்கை அனுப்பி வைக்குமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறது.'

கண்காணிப்பாளர் இதை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா, சமூகக் காரணின்னா என்ன? ஆளா, பொருளா?"

"தெரியலையே சார்."

"ஆளா இருந்தா மக்கள்தொகைப் பிரிவுக்கு அனுப்பலாம். பொருளா இருந்தா ஸ்டோர் ரூமுக்கு அனுப்பலாம். எதுன்னே தெரியாம நான் யார் தலையில கட்டுறது?"

யார் தலையிலும் கட்ட முடியாத வேலையைக் கட்டுவதற்கென்றே எங்கள் அலுவலகத்தில் ஒரு தலை உண்டு. அந்தத் தலைக்குச் சொந்தக்காரரை நாங்கள் 'தற்காலிகம்' என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் வழங்கி வந்தது. பதினோரு வருடமாகத் தற்காலிகக் கணக்கெடுப்பாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 'இன்னும் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகட்டும்' என்று ஓர் ஆணை வரும். அந்த ஆணை வருகிற வாரம் மட்டும் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய மாமனார் கொஞ்சம் கறார்ப் பேர்வழி. மாப்பிள்ளையை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "ஆபீஸுக்குப் போய்க்கிட்டிருக்கார்" என்பார். "வேலையில இருக்கார்" என்று இந்தப் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தற்காலிகத்துக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் காதால் கேட்டுவிட வேண்டும். அதற்காக அவர் எதையும் கணக்கெடுப்பார்.

ஆணையர் அவரைக் கூப்பிட்டு, "முப்பது நாள்ல இந்தக் காரணி யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. உங்களை நிரந்தரம் பண்ணிடறேன்" என்றார். தற்காலிகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஒவ்வொரு படிவத்திலும் ஒரு நிரந்தர ஊழியரின் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்பதால் என்னையும் கூட அனுப்பினார்கள். வெயிலில் அலைய எனக்கு ஆசையில்லைதான். ஆனால் முத்திரை குத்திக் குத்தி வலது தோள் இறங்கியிருந்தது. போனேன்.

படிவத்தில் ஏழாவது கேள்விதான் உயிர்நாடி. 'மேற்படி நெகிழிப் பொருட்களைத் தாங்கள் பயன்படுத்தத் தூண்டும் காரணி யாது?'

முதல் வீட்டில் ஒரு டீச்சர். கேள்வியைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு அந்தக் கவரைக் கண்டாலே ஆகாது சார். வகுப்புல பிள்ளைங்களுக்கு அதைப் பத்திப் பாடமே எடுக்கிறேன். ஆனா பையைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனா மத்தவங்க என்ன நினைப்பாங்க? ஒரு கவருக்குக்கூட வழியில்லாத வீடுன்னு நினைக்க மாட்டாங்களா?"

இரண்டாம் வீட்டில் ரிட்டயரான பேங்க் மேனேஜர். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடி, பளபளவென்று கவர் சுற்றிய கப் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, எங்கள் கண் முன்னால் சரக்கென்று கிழித்து, இரண்டு கப் எடுத்து டீ ஊற்றினார். வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும் என்று படிவம் சொல்வதால் மாடிக்குப் போனோம். அங்கே ஒரு போர்வைக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த இருநூறு பிளாஸ்டிக் கப் காய்ந்துகொண்டிருந்தது.

மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார். "வெளிய சொல்லிடாதீங்க தம்பி. நாலு வருஷமா இதே கப்புதான். கழுவிக் கழுவி வச்சுக்கிறேன். தூக்கிப்போட மனசு வரல."

"நல்ல காரியம்தானே சார். எதுக்கு ஒளிக்கிறீங்க?" என்றார் தற்காலிகம்.

"வர்றவங்க, ஏற்கெனவே எவனோ குடிச்ச கப்புன்னு நினைச்சுட்டா? அதுக்காகத்தான் தினமும் ராத்திரி திரும்பவும் கட்டுக் கட்டி, புதுசு மாதிரி கவர் சுத்தி வைக்கிறேன்."

"அந்தக் கவர்?"

"அது தினமும் புதுசு. அதுல போய் கஞ்சத்தனம் பண்ண முடியுமா?"

இதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. 'மற்றவர்கள்' என்று எழுதிக்கொண்டோம்.

இப்படியே இருபது நாள். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீடு. என் வீடும் அதில் ஒன்று. நானும் 'எனக்குப் பிடிக்காது, மற்றவர்களுக்காகத்தான்' என்று கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. உறைக்குள் உறைக்குள் உறை வைத்து வரும் தபாலை, நான் வெறும் காகிதத்தில் மடித்து உள்ளே அனுப்பினால் ஆணையர் என்ன நினைப்பார்?

இருபத்தோராம் நாள் ஆணையர் அறையில் கூட்டம். மேஜையில் ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். பதவிக்குத் தக்கபடி ஆணையருக்கு மூன்று, பொறியாளருக்கு இரண்டு, கண்காணிப்பாளருக்கு ஒன்று. எனக்கும் தற்காலிகத்துக்கும் சேர்த்து ஒரு மூடி கிடைத்தது. பாட்டில் வேறு எங்கோ போயிருந்தது.

தற்காலிகம் எழுந்து வாசித்தார். "பிளாஸ்டிக்கை விரும்பிப் பயன்படுத்துறவங்க யாருமே இல்ல சார். மத்தவங்களுக்காகப் பயன்படுத்துறவங்க ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு வீடு சார்."

அறையில் ஒரு நிம்மதி பரவியது. ஆணையர் மேஜையைத் தட்டினார்.

"பாத்தீங்களா! நம்ம ஊர் சனங்க தங்கம். தப்பெல்லாம் இந்த மத்தவங்க பண்றதுதான். சரி, அவங்க மொத்தம் எத்தனை பேரு?"

"யாரு சார்?"

"மத்தவங்க."

"அது... எல்லா வீட்டையும் எடுத்தாச்சு சார்."

"எடுத்தும் அவங்க மாட்டலையே. அப்படின்னா விட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்? இன்னும் ஒம்பது நாள் இருக்கு. பிடிச்சுட்டு வாங்க."

அன்று மாலையே 'மற்றவர்கள் கண்டறிதல் சிறப்புப் பிரிவு' உதயமானது. அதற்கு ஒரு தலைவர், இரண்டு உதவியாளர்கள், ஒரு ஜீப், வாசலில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் போர்டு. போர்டு பிளாஸ்டிக்காக இருக்கிறதே என்று நான் வாய்விட்டுவிட்டேன். "ஒருமுறை பயன்படுத்துறதுதான்ப்பா தப்பு. இதை யாரும் ஒருமுறைகூடப் பயன்படுத்தப் போறதில்ல" என்றார் கண்காணிப்பாளர்.

தேடல் தொடங்கியது. டீச்சரிடம் போனோம். "மத்தவங்கன்னு சொன்னீங்களே மேடம், குறிப்பா யாரு?" டீச்சர் ஜன்னல் திரையை விலக்கி, பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினார். பக்கத்து வீட்டு மேனேஜர் அதற்கடுத்த வீட்டைக் காட்டினார். அதற்கடுத்த வீட்டில் இருந்த தையல்காரம்மா எதிர் வீட்டு டாக்டரம்மாவைக் காட்டினார். இப்படிப் பதினான்கு வீடு ஏறி இறங்கினோம். பதினான்காம் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "அந்த முதல் வீட்டு டீச்சர் இருக்காங்களே, அவங்க கண்ணு சரியில்ல சார். எதை எடுத்துட்டுப் போனாலும் ஜன்னல் திரையை விலக்கிப் பாப்பாங்க" என்றார்.

தற்காலிகம் தெருவின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் எழுப்பி, மளிகைக்கடைக்குக் கூட்டிப் போய் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன்.

கடையில் தையல்காரம்மா தக்காளி வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் தக்காளியைக் கவரில் போட்டார். தற்காலிகத்துக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டார்.

"அண்ணே, ஏன் கவர்ல போடுறீங்க?"

"நானா ஆசைப்பட்டுப் போடுறேன்? போடலைன்னா கஸ்டமர் கோவிச்சுக்கிட்டு எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க சார். இங்க பாருங்க, கல்லாவுக்கு அடியில முன்னூறு காகிதப் பை வாங்கி வச்சிருக்கேன். எடுக்கத்தான் தைரியம் வரல."

தையல்காரம்மா திடுக்கிட்டார். "நானாண்ணே கோவிச்சுக்குவேன்? வேண்டாம்னு சொன்னா உங்க கடைக் கவரை மட்டமா நினைக்கிறேன்னு நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான் வாங்கிக்கிறேன்." கைப்பையைத் திறந்து, அடியிலிருந்து எதையோ எடுத்தார். நாலாக மடித்த ஒரு துணிப்பை. "நானே தச்சது. ரெண்டு வருஷமா உள்ளேயே கிடக்கு."

கடைக்காரர் அந்தப் பையைப் பார்த்தார். தையல்காரம்மா அந்தக் காகிதப் பைகளைப் பார்த்தார். இரண்டு வருடமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு சொல்லாமலே இருந்த காதலர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் கவரிலிருந்த தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்தார். தற்காலிகத்தின் கண் கலங்கிவிட்டது.

அப்போது டாக்டரம்மா படியேறினார்.

நான் இமைத்துத் திறப்பதற்குள் தக்காளி துணிப்பையிலிருந்து கவருக்குத் தாவிவிட்டது. அந்தக் கவர் இன்னொரு கவருக்குள் போய்விட்டது. துணிப்பை கைப்பைக்குள், காகிதப் பை கல்லாவுக்கு அடியில். "வாங்க டாக்டரம்மா!" என்றார் கடைக்காரர், வியர்வையைத் துடைத்தபடி. டாக்டரம்மா அந்த இரட்டைக் கவரைப் பார்த்தார். அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் பூப்போட்ட துணியின் நுனி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவசரமாக உள்ளே திணித்துக்கொண்டு, "எனக்கும் ரெண்டு கவர் போட்டே குடுத்துடுங்க" என்றார்.

முப்பத்தொன்றாம் நாள் தற்காலிகம் ஆணையர் முன்னால் நின்று உண்மையைச் சொன்னார். "மத்தவங்கன்னு தனியா யாரும் இல்ல சார். ஒருத்தர் அடுத்தவரைக் காட்டுறார், அவர் அதுக்கடுத்தவரைக் காட்டுறார், கடைசியில முதல் வீட்டுக்கே வந்துடுது. அது ஒரு வட்டம் சார்."

"வட்டத்துக்குப் படிவத்துல இடமில்லையேப்பா. பெயர், தந்தை பெயர், கதவு எண். மூணே கட்டம்தான். வட்டத்துக்குத் தந்தை பெயர் என்ன போடுவீங்க?"

கண்காணிப்பாளர் செருமினார். "சார், ஒண்ணு கவனிச்சேன். வரிப் பட்டியல்ல ஆயிரத்து நானூத்திப் பதிமூணு வீடு இருக்கு. படிவம் வந்தது ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"எந்த வீடு குறையுது?"

தற்காலிகம் கையைத் தூக்கினார். "என் வீடு சார். கணக்கெடுக்கிறவர் தன் வீட்டைத் தானே கணக்கெடுக்கக் கூடாதுன்னு கையேட்டுல மூணாம் பக்கத்துல இருக்கு."

"ஆக, 'காரணம் நான் இல்ல'ன்னு ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. போடாத ஒரே ஆள் நீங்க."

"சார், நானும் மத்தவங்களுக்குப் பயந்துதான் சார்..."

"அதை முப்பது நாளுக்குள்ள சொல்லியிருக்கணும். இன்னைக்கு முப்பத்தொண்ணு."

தற்காலிகம் என்னைத் திரும்பிப் பார்த்தார். போன மழையில், மூன்றாவது தெருவிலிருந்து மிதந்து வந்த கவர்கள் சாக்கடையை அடைத்து அவர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, வாளியோடு நின்று இறைத்தவர் அவர் என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நான் மட்டும் பேசினால் நன்றாகவா இருக்கும்?

ஆணையருக்கு அவர் மேல் கோபமே இல்லை. சொல்லப்போனால் பாசமாகத்தான் பேசினார். "மனசைத் தளர விடாதீங்க. அறிக்கையில உங்க பேரைப் போட்டுட்டு, மேலிடத்துல சொல்லி 'மற்றவர்'னு ஒரு பணியிடமே வாங்கித் தர்றேன். நிரந்தரம்."

அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் தற்காலிகம் பேனாவைத் தேடினார்.

ஆணையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது தபால் பிரிவு என்பதால் நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"நிரந்தரமாங்க?"

"ஆமா" என்றார் தற்காலிகம், ஆணையை என்னிடமிருந்து வாங்கிப் படித்தபடி.

"என்ன வேலை?"

"மற்றவர்."

"எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான். ஊர்ல யாராவது கவர் வாங்காமப் போனா, அவங்களைப் பத்தி நான் ஒரு மாதிரி நினைக்கணும். காலையில ஏழுலேருந்து பத்து, சாயங்காலம் நாலுலேருந்து ஏழு."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களால முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் நம்ம ஏணியை வாங்கிட்டுப் போய் ஆறு மாசமாச்சு. அவரைப் பத்தியே உங்களுக்கு ஒண்ணும் நினைக்கத் தெரியல."

ஆனால் அதற்குள் மாமனாருக்குப் போன் போயிருந்தது. அந்தப் பக்கம் அவர் யாரிடமோ உரக்கச் சொல்வது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "மாப்பிள்ளை வேலையில இருக்கார்!" தற்காலிகம் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தவன் எவனும் அவரைக் குறை சொல்ல மாட்டான்.

மறுநாளிலிருந்து கடைத்தெரு முனையில், மார்பில் 'மற்றவர்' என்று வில்லை குத்திக்கொண்டு நின்றார். ஊருக்கு ஒரே கொண்டாட்டம். இத்தனை வருடம் யாரென்றே தெரியாத ஒருவருக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஆள் தெரிந்துவிட்டது, நேரம்கூடத் தெரிந்துவிட்டது. ஒரு கவர் வாங்கியவர்கள் மூன்று வாங்கினார்கள். அவரைக் கடந்து போகும்போது கவர்களை உயர்த்திக் காட்டி, "உங்களுக்காகத்தான் சார்!" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவர் மனைவியும் ஒரு நாள் போனார். "இவருக்காகத்தான்" என்று கடைக்காரரிடம் சொன்னாராம்.

தொல்லையும் இருந்தது. ஒரு நாள் டீச்சர் நேரே அவர் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து சாயங்காலம் ஒரு ரொட்டியைக் கவர் இல்லாம கையிலேயே எடுத்துட்டுப் போனேன். என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணும் நினைக்கல மேடம்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே நினைக்கல மேடம்."

"ஒண்ணும் நினைக்கிறதுக்கில்லாத ஆளா நான்? இந்த ஊர்ல இருபது வருஷமா இருக்கேன்!" டீச்சர் எழுதிக் கொடுத்த புகாருக்கு நான்தான் எண் போட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை நல்ல மழை. கடைத்தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தற்காலிகம் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஊரார் அவருக்காக வாங்கிய கவர்களெல்லாம் மிதந்து வந்து அவர் காலைச் சுற்றி நின்றன. அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு மளிகைக்கடைப் பெஞ்சின் மேல் ஏறினார்.

"எல்லாரும் கேளுங்க! நான்தான் மத்தவங்க. கவர்மெண்ட் ஆர்டர் இருக்கு. நான் உங்களைப் பத்தி ஒண்ணுமே நினைக்க மாட்டேன். சத்தியமா! பையை எடுத்துட்டு வாங்க, கிண்ணத்தை எடுத்துட்டு வாங்க, கையில ஏந்திட்டுப் போங்க. நல்லவங்கன்னுதான் நினைப்பேன்!"

தெரு அப்படியே நின்றது. பிறகு தையல்காரம்மாவின் கைப்பை திறந்தது. டாக்டரம்மாவின் கோட்டுப் பையிலிருந்து பூப்போட்ட துணி வெளியே வந்தது. கடைக்காரர் முன்னூறு காகிதப் பையையும் கல்லா மேலே தூக்கிப் போட்டார். மேனேஜர் இருநூறு கப்பையும் ஊர் பார்க்க வாசலிலேயே காய வைத்தார். யாராவது கேட்டால், "மத்தவரே ஒண்ணும் நினைக்கலையாம்!" என்றார்கள்.

மூன்று நாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூன்றே நாளில் ஊரில் ஒரு கவர் இல்லை. அதற்குள் பை பெரிய நாகரிகமாகிவிட்டது. உடுப்புக்குப் பொருத்தமான பை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போட்டி. துணிக்கடைக்காரர் வெளியூரிலிருந்து ஆயிரம் துணிப்பை இறக்கினார். அழுக்குப் படாமல் ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் வந்தது. உரித்த கவரை அவர் யாருக்கும் தெரியாமல் எங்கே போடுவது என்று தவித்தது தனிக் கதை.

நான்காம் நாள் அலுவலகம் விழித்துக்கொண்டது.

"ஊர்ல கவரே இல்லைன்னா, காரணி இல்லைன்னு ஆகுது. காரணி இல்லைன்னா சிறப்புப் பிரிவு எதுக்குன்னு மேலிடம் கேக்கும். ஜீப்பைத் திருப்பிக் குடுக்கணும்" என்றார் சிறப்புப் பிரிவின் தலைவர். அவர் குரல் உடைந்திருந்தது.

குற்றச்சாட்டு தயாரானது. 'மேற்படி ஊழியர், பணி நேரத்தில் பொதுமக்களைப் பற்றித் தாழ்வாக நினைக்கத் தவறியதோடு, யாதொரு முன் அனுமதியுமின்றி அவர்களை நல்லவிதமாகவும் நினைத்துள்ளார்.'

விசாரணை பத்து நிமிஷம்.

"நல்லவிதமா நினைச்சது உண்மையா?"

"உண்மை சார்."

"யாரைக் கேட்டு நினைச்சீங்க?"

வேலையிலிருந்து நீக்கும் ஆணைக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். காகிதம் என்னிடம் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவர் தன் சாமான்களை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். வில்லையைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுச் சும்மாதான் கேட்டார்.

"நீங்க ஏன் சார் போட்டீங்க?"

"போடலைன்னா ஆபீஸ்ல மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"மத்தவங்க நான்தானே சார்" என்றார் அவர். "நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேனே."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது மாமனார் அவரை எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்று விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று மாலையே ஊர் பழையபடி கவருக்குத் திரும்பிவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. கடைக்காரர் காகிதப் பைகளை அடியில் தள்ளினார், மேனேஜர் கப்புகளை மாடிக்கு ஏற்றினார். "புதுசா வர்றவர் எப்படிப்பட்டவரோ? எதுக்கும் ரெண்டு கவரா போடுங்க" என்றார் தையல்காரம்மா.

காலிப் பணியிடத்துக்கு விளம்பரம் வந்தது. 'தகுதி: பிறரைப் பற்றி நினைப்பதில் குறைந்தது பத்து ஆண்டு அனுபவம்.' நிரந்தர வேலை என்பதால் விண்ணப்பங்கள் குவிந்தன. முத்திரை குத்தியே என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பிரித்துப் பார்த்தால், ஒருவர்கூடத் தனக்காக எழுதவில்லை. டீச்சர் மேனேஜர் பெயரை எழுதியிருந்தார், மேனேஜர் தையல்காரம்மா பெயரை எழுதியிருந்தார். ஆணையரின் கையெழுத்தில் ஒன்று பொறியாளருக்காக வந்திருந்தது. எல்லாம் பத்திரமாகக் கவருக்குள்.

கடைசி நாள் அலுவலகமே குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு மாதிரி இருக்கும். நானும் ஒரு படிவத்தை எடுத்தேன். யார் பெயரை எழுதுவது? அலுவலகத்தில் ஒருவரை எழுதினால் நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டும். தெருவில் ஒருவரை எழுதினாலும் அதே கஷ்டம். எனக்கு முகம் தெரியாத ஒருவராக இருக்க வேண்டும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, 'இந்த ஆளுங்களைத் திருத்தவே முடியாது' என்று எங்களைப் பற்றி இந்த நேரத்தில் நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவராக இருந்தால் தகுதியும் பொருந்திவிடும்.

உங்கள் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். நேர்காணல் வியாழக்கிழமை. நேரத்துக்கு வந்துவிடுங்கள்.